புரூஃப் நாணயங்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது எப்படி? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து டவுனுக்குக் குடிவந்த பல குடும்பங்களில், தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு காசுப் பெட்டியும் கூடவே வந்திருக்கிறது. அதில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிட்ட நினைவு நாணயம் இருக்கும். தமிழ்நாட்டுக்குப் போன யாரோ வாங்கி வந்த இந்திய நாணயம் இருக்கும். எப்போதாவது ஓர் இங்கிலாந்து புரூஃப் செட்டும் கிடைக்கும். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் கட்சி ஒன்றுதான். ஆண்டை வைத்து ஒரு புரூஃப் நாணயத்தை உயர்த்தவும் கூடாது, தாழ்த்தவும் கூடாது. அந்தக் காலத்தில் காசை அடிக்கும் அச்சை எப்படித் தயாரித்தார்கள், இந்தக் காசு அந்த அச்சின் தொடக்கத்தில் விழுந்ததா கடைசியில் விழுந்ததா, அதன்பிறகு யார் வீட்டில் எப்படிக் கிடந்தது என்று பார்க்க வேண்டும்.

புரூஃப் என்பது தரத்தின் பெயரா?

இல்லை, தயாரிக்கும் முறையின் பெயர். சாதாரணக் காசு ஒரே அடியில், மின்னல் வேகத்தில் விழுகிறது; கீழே குவிந்து ஒன்றோடொன்று உரசி, மூட்டையில் கட்டுப்பட்டு வங்கிக்குப் போகிறது. புரூஃப்புக்கு அச்சின் முகத்தைக் கண்ணாடி போல மெருகேற்றுவார்கள். அடிக்கப்போகும் உலோக வில்லையையும் தனியாக மெருகேற்றிக் கழுவி வைப்பார்கள். பிறகு மெதுவாக, அதிக அழுத்தத்தில், ஒரே வில்லையை இரண்டு முறையாவது அடிப்பார்கள். எழுத்தின் மூலைமுடுக்கு வரை உலோகம் போய் நிரம்புவது அந்த இரண்டாவது அடியில்தான். அடித்த காசைக் கையுறையோடு எடுத்து உறையில் போடுவார்கள்.

ஆகவே கீறல் விழுந்து, கைரேகை பதிந்து, கறுத்துப் போயிருந்தாலும் புரூஃப் புரூஃப்தான், கெட்டுப்போன புரூஃப். புத்தம்புதிதாக மின்னினாலும் சாதாரணக் காசு சாதாரணக் காசுதான்.

“பழைய புரூஃப்பில் முகமும் பின்னணியும் ஒரே மாதிரி மின்னுது. புதுசுல முகம் மட்டும் வெள்ளையா, பனி படிஞ்ச மாதிரி இருக்கு. பழசை யாரோ தேய்ச்சிட்டாங்களா அண்ணே?”

இதைக் கேட்காதவர் இல்லை. பெரும்பாலும் யாரும் தேய்த்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்துப் புரூஃப் அப்படித்தான் பிறந்தது.

பனி படிந்தது போன்ற அந்த வெண்மையைச் சேகரிப்பாளர்கள் ஃப்ராஸ்ட் என்பார்கள். கறுத்த கண்ணாடிப் பின்னணியில் வெண்ணிற உருவம் எழுந்து நின்றால் அதற்குக் கேமியோ என்று பெயர். அச்சில் உருவம் இருக்கும் இடம் குழி. பின்னணி இருக்கும் இடம் மேடு. அச்சு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்கிவிட்டு, மேட்டை மட்டும் மெருகேற்றினால், குழியில் சொரசொரப்பு அப்படியே தங்கும். அது காசில் வெண்மையாக விழும்.

அந்தச் சொரசொரப்பை உண்டாக்கும் விதம்தான் காலத்துக்குக் காலம் மாறியது. 1950களில் அமெரிக்க நாணயச்சாலை அச்சை அமிலத்தில் முக்கி எடுத்தது. அந்தச் சொரசொரப்பு மெல்லியது. கொஞ்சம் அடிகளிலேயே தேய்ந்துவிடும். அதன்பிறகு விழுந்த காசுகளில் முகமும் பின்னணியும் ஒருசேர மின்னும். அதனால்தான் 1950 முதல் 1964 வரையிலான அமெரிக்கப் புரூஃப்களில் ஆழமான கேமியோ அரிது. 1970களில் நுண்துகளை வேகமாகப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்குவதும், அச்சின் மேல் குரோமியம் பூசி அதன் ஆயுளைக் கூட்டுவதும் வழக்கத்துக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஏறக்குறைய ஒவ்வொரு புரூஃப்புக்கும் கேமியோ கிடைத்தது. இப்போது லேசரே அந்த வேலையைச் செய்கிறது. ஒரே நாணயத்தில் முகத்துக்கு ஒரு வெண்மை, உடைக்கு வேறொரு வெண்மை என்று இரண்டு மூன்று சாயல் காட்டவும் அதனால் முடிகிறது.

ஆகவே 1956ஆம் ஆண்டுக் காசில் ஃப்ராஸ்ட் இல்லை என்பது குறை ஆகாது. 2015ஆம் ஆண்டுக் காசில் இல்லை என்றால் அது குறை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது.

ஃப்ராஸ்ட், கண்ணாடி இரண்டுமே இல்லாத புரூஃப் உண்டா?

உண்டு. 1902இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டுக்காக லண்டன் நாணயச்சாலை வெளியிட்ட செட் மங்கல் புரூஃப். முழுக் காசும் பளபளப்பின்றி, மெல்லிய மணல் பரப்பு போல இருக்கும். அமெரிக்காவும் 1908 முதல் 1916 வரை இதே பாணியில் செய்தது. வாங்கியவர்களுக்குப் பிடிக்கவில்லை, அமெரிக்காவில் புரூஃப்பே 1936 வரை நின்றுபோனது. 1936இல் மறுபடி தொடங்கியபோதும் முதலில் வந்தவை பட்டுத்துணி போன்ற மெல்லிய மினுமினுப்போடு வந்தன. அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் கண்ணாடிப் பளபளப்பு வந்தது. ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை, இரண்டு விதமான முகம். ஆண்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த 1936ஐத்தான் நான் எப்போதும் உதாரணம் காட்டுவேன்.

இப்போது தலைகீழ்ப் புரூஃப்பும் வருகிறது: பின்னணி வெண்மை, உருவம் கண்ணாடி. அமெரிக்கா தன் வெள்ளி ஈகிள் நாணயத்தின் 20ஆம் ஆண்டுக்காக 2006இல் அதை வெளியிட்டது.

எப்படித்தான் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது?

முதலில் விளக்கு. கூடத்து டியூப்லைட் வெளிச்சத்தில் புரூஃப்பைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அது பரந்து விழும் வெளிச்சம், கீறலை மறைத்துவிடும். ஒற்றைக் குமிழ் உள்ள மேசை விளக்கு போதும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, காசை விளக்குக்குக் கீழே ஓர் அடி தள்ளி, ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். விரல் முகத்தில் படக்கூடாது. கேப்சூலில், அதாவது காசை அடைத்து வைக்கும் தெளிந்த பிளாஸ்டிக் கூட்டில், இருந்தால் கேப்சூலோடே பாருங்கள், திறக்க வேண்டாம். கீழே ஒரு மெத்தென்ற துணியை விரித்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரையில் விழுந்து விளிம்பு நசுங்கிய நாணயங்களை நம் ஊரில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இனி காசை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் பின்னணி கறுத்து உருவம் வெளுத்து நிற்கும். இன்னொரு கோணத்தில் பின்னணி தீப்பற்றியது போல மின்னும். நுண்கீறல்கள் இந்த இரண்டாவது கோணத்தில்தான் தெரியும். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் ஓடினால் யாரோ துணியால் துடைத்திருக்கிறார்கள். கோடுகள் உருவத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிட்டு, மறுபக்கம் தொடர்ந்தால், அதிலும் கோடு பள்ளமாக இல்லாமல் மேலெழும்பி இருந்தால், அது காசின் கீறல் அல்ல. அச்சை மெருகேற்றியபோது அச்சில் விழுந்த கோடு. அதற்குப் பயப்பட வேண்டாம். இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கண்ணாடியின் ஆழத்தைப் பார்க்க ஒரு நாளிதழ்த் துண்டு போதும். அதைக் காசுக்குச் செங்குத்தாக நிறுத்தி, பின்னணியில் விழும் எழுத்துகளைப் படியுங்கள். நல்ல புரூஃப்பில் துண்டைத் தள்ளித் தள்ளி வைத்தாலும் எழுத்து கலங்காது. சாதாரணக் காசில் துண்டு ஒட்டி நிற்கும்போதே எழுத்து கரைந்துவிடும். இரண்டு ஆண்டுக் காசுகளை ஒப்பிடும்போது ஒரே துண்டு, ஒரே விளக்கு, ஒரே தூரம்.

அதன் பிறகுதான் லென்ஸ். நகை ஆசாரி கையில் உள்ள பத்து மடங்கு லென்ஸ் போதும். அதற்கு மேல் வேண்டாம், ஊருக்கு இல்லாத குறையெல்லாம் தெரியும். முதலில் விளிம்பைப் பாருங்கள். புரூஃப்பின் விளிம்பு தட்டையாக, மூலை கூராக நிற்கும். அடுத்து எழுத்துகளின் பக்கச் சுவர். அது செங்குத்தாக இறங்க வேண்டும், சரிந்து உருளக் கூடாது. கடைசியாக உருவத்தின் மிக உயரமான இடம்: காது, புருவம், தாடி, இதழின் நுனி. அடி போதாவிட்டால் முதலில் காலியாகத் தெரிவது அங்கேதான். ஃப்ராஸ்ட் தேய்ந்திருந்தால் முதலில் மின்னிக் காட்டிக்கொடுப்பதும் அதே இடம்தான்.

கண்ணைப் பழக்கப் புரூஃப்பே தேவையில்லை. 1967இல் வெளிவந்த மலேசியாவின் முதல் தொடர் காசுகளில் நாடாளுமன்றக் கட்டடம் இருக்கிறது. புழங்காத 50 சென் ஒன்றையும் நன்றாகப் புழங்கிய ஒன்றையும் எடுத்து, கோபுரத்தின் முகப்பில் உள்ள கட்டங்களை லென்ஸில் எண்ண முயலுங்கள். எது முதலில் அழிகிறது, எது கடைசி வரை நிற்கிறது என்று ஒரு மாலைப்பொழுதில் புரிந்துவிடும். 1989 தொடரின் 50 சென்னில் உள்ள வாவ் பட்டத்தின் பூவேலையும் இதற்கு நல்ல பாடம்.

ஒரே ஆண்டு, ஒரே செட் வகை, இரண்டு காசு. ஒன்று மட்டும் அழகாக இருப்பது ஏன்?

அச்சின் வயது. புதிதாகத் தயாரித்த அச்சில் முதலில் விழுந்தவற்றுக்கு முழு ஃப்ராஸ்ட்டும் முழு நுணுக்கமும் கிடைக்கும். போகப் போகக் குறையும். பிறகு அச்சைக் கழற்றி மறுபடி மெருகேற்றுவார்கள், திரும்ப ஏறும். ஏற்றமும் இறக்கமுமாகத்தான் ஒரு தொகுதி வெளிவருகிறது. எந்த இடத்தில் விழுந்த காசு உங்கள் கைக்கு வந்தது என்பது உங்கள் அதிர்ஷ்டம். முகப்புக்கு ஓர் அச்சு, பின்புறத்துக்கு வேறு அச்சு. அதனால் ஒரு பக்கம் கேமியோ, மறுபக்கம் வெறும் பளபளப்பு என்றும் வரும்.

புரூஃப்பில் நுணுக்கம் எப்போதும் அதிகம்தானே?

எப்போதும் இல்லை. அச்சின் மேட்டை மெருகேற்றும்போது கொஞ்சம் உலோகம் போகிறது. அளவு மீறினால், ஆழம் குறைந்த குழிகள் அப்படியே மறைந்துவிடும். வடிவமைப்பாளரின் சிறிய கையொப்ப எழுத்து, முடியின் ஓர இழை, உடையின் மடிப்பு ஆகியவை முதல் பலி. 1937இல் டென்வர் நாணயச்சாலையில் ஓர் அச்சை அளவுக்கு மீறித் தேய்த்ததால், அமெரிக்க 5 சென்ட் காசில் இருந்த காட்டெருமை ஒரு காலை இழந்து மூன்று காலோடு வந்தது. அது புழக்கக் காசு, புரூஃப் அல்ல. ஆனால் காரணம் இதுவேதான்.

இன்னொரு காரணம் அச்சுக்கும் முந்தைய கட்டத்தில் இருக்கிறது. அச்சுகளை ஒரு மூல அச்சிலிருந்து எடுக்கிறார்கள். மூலம் தேய்ந்தால், எத்தனை புதிய அச்சு செய்தாலும் தேய்ந்த உருவம்தான் வரும். அமெரிக்க ஒரு சென்ட்டில் லிங்கன் முகம் 1909இல் வந்தது. அறுபது ஆண்டில் தலைமுடியும் மேல்சட்டையும் மழுங்கிப்போக, 1969இல் புதிய மூலம் செய்தார்கள். 1968ஆம் ஆண்டுப் புரூஃப்பையும் 1969ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் நன்றாக அடிக்கப்பட்டவை, இரண்டும் பளபளப்பானவை, ஆனால் முடியின் இழை பின்னதில்தான் தெளிவு. அடியின் குறையும் மூலத்தின் குறையும் வேறு வேறு. மூலம் மழுங்கியிருந்தால் அந்த ஆண்டின் எல்லாக் காசும் ஒரே இடத்தில் மழுங்கியிருக்கும். அடி போதாவிட்டால் உங்கள் காசு மட்டும் மழுங்கியிருக்கும். அதனால்தான் ஒரே ஒரு காசை வைத்து ஓர் ஆண்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்கிறேன்.

முன்பு சிற்பி பெரிய தட்டில் களிமண்ணிலும் பிளாஸ்டரிலும் உருவத்தைச் செய்வார். அதைத் தடவித் தடவிச் சிறிதாக்கிச் செதுக்கும் யந்திரம் உருக்கில் இறக்கும். இன்று பெரும்பாலும் கணினித் திரையிலேயே உருவாக்கி நேரே வெட்டுகிறார்கள். இன்றைய காசுகளில் எழுத்தும் கோடும் அற்புதமான கூர்மை. ஆனால் முகங்களில், பழைய சிற்பி விரலால் அழுத்திய கன்னத்தின் மென்மையை நான் இன்றைய காசுகளில் அவ்வளவாகக் காணவில்லை. இது என் ரசனை. உங்கள் கண்ணுக்கு வேறாகப் படலாம்.

“அப்பா 1971 துங்கு படம் போட்ட 5 ரிங்கிட் விட்டுட்டுப் போயிருக்காரு. கண்ணாடியா மின்னுது. புரூஃப்தானே?”

அப்பா பத்திரமாக வைத்திருந்தது பெரிய விஷயம். ஆனால் பெரும்பாலும் சாதாரண வெளியீடாகத்தான் இருக்கும். மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் படம் போட்ட அந்த நாணயம் செப்பு-நிக்கல் கலவையில் பெருமளவில் வெளிவந்தது. புரூஃப் மிகக் குறைவு. புதிய அச்சில் முதலில் விழுந்த சாதாரணக் காசும் நன்றாகவே மின்னும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நாளிதழ்ச் சோதனையைச் செய்யுங்கள். பின்னணியில் சின்னச் சின்ன வெட்டுத் தழும்புகள் சிதறியிருக்கின்றனவா பாருங்கள். அவை மூட்டையில் மற்ற காசுகளோடு மோதியதால் வந்தவை, புரூஃப்புக்கு அவை வர வழியே இல்லை. மின்னல் எப்படி ஓடுகிறது என்றும் கவனியுங்கள். சாதாரணக் காசைத் திருப்பினால் ஒளி சக்கரத்தின் ஆரம் போலச் சுழலும். புரூஃப்பில் ஒளி சுழலாது. முழுப் பின்னணியும் சட்டென்று ஒரே நேரத்தில் கறுக்கும், ஒரே நேரத்தில் வெளுக்கும்.

1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த வள்ளுவர் காசுகளுக்கும் இதே சோதனைதான். மாநாட்டுக்குப் போனவர்கள் வாங்கி வந்து அப்படியே மடித்து வைத்தவை இன்றும் மின்னுகின்றன. மின்னுவதாலேயே அவை புரூஃப் ஆகிவிடாது. வள்ளுவர் காசு என்பதற்காகவே வைத்திருக்கலாம், அது வேறு.

ரப்பர் நூற்றாண்டுக் காசை எதோடு ஒப்பிடுவது?

1977இல் ரப்பரின் நூறாண்டுக்காக ஒரு ரிங்கிட் நாணயம் வெளிவந்தது. இந்த வட்டாரத்தில் அது எல்லாருக்கும் பிடித்த காசு, காரணமும் நியாயமானது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த கன்றுகளில் சில, நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில்தான் நடப்பட்டன. அந்தக் கன்றுகளின் வழிவந்த மரங்களில்தான் நம் பாட்டன் பாட்டி விடியுமுன்னே பால் வெட்டினார்கள்.

ஒப்பிட வேண்டுமானால் அளவும் உலோகமும் ஒத்த காசுகளோடு ஒப்பிடுங்கள். 1976இல் ஊழியர் சேமநிதியின் 25ஆம் ஆண்டுக்கு வந்த ஒரு ரிங்கிட், 1977 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுக்கு வந்த ஒரு ரிங்கிட் இரண்டும் பொருத்தம். செப்பு-நிக்கல் காசை வெள்ளிப் புரூஃப்போடு ஒப்பிட்டால் செப்பு-நிக்கல் தோற்கத்தான் செய்யும். அது கடினமான உலோகம். சாம்பல் கலந்த பளபளப்புதான் கொடுக்கும். வெள்ளி மென்மை, அச்சின் ஒவ்வொரு மடிப்பையும் வாங்கிக்கொள்ளும். அதே மென்மையால் கீறலையும் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும்.

இந்தியப் புரூஃப்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள அடையாளத்தை முதலில் பாருங்கள். பம்பாய் நாணயச்சாலையின் புரூஃப்களில் ‘பி’ எழுத்து இருந்தது. ஊர் மும்பை ஆனபிறகு ‘எம்’ வந்தது. சாதாரண வெளியீட்டில் பெரும்பாலும் எழுத்துக்குப் பதில் ஒரு சிறிய சாய்சதுரம்தான் இருக்கும்.

அடுத்தது உலோகம். 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த 10 ரூபாய் 15 கிராம் எடை, 80 விழுக்காடு வெள்ளி. பிற்காலத்து 100 ரூபாய் நாணயங்கள் பலவும் 35 கிராம். வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு. செம்பு இவ்வளவு இருந்தால் நம் ஈரக்காற்றில் நிறம் மாறாமல் இருக்காது. 2003இல் காமராசர் நூற்றாண்டுக்கு வந்த நாணயம் மஞ்சளோடியிருந்தால் அது பொய் நாணயம் என்று முடிவு கட்ட வேண்டாம். 2010ஆம் ஆண்டு பொறித்த தஞ்சைப் பெரிய கோயில் 1000 ரூபாயில் 80 விழுக்காடு வெள்ளி, 20 செம்பு; அது மெதுவாக மாறும். கோயில் காசை லென்ஸில் பார்க்கும்போது விமானத்தின் அடுக்குகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே கோடு தெளிவாக இறங்க வேண்டும்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். இந்திய நினைவு நாணயங்களில், பொறித்த ஆண்டு கடந்தபிறகு முன்பதிவு திறந்து, அதற்கும் பிறகு அச்சிட்டு அனுப்புவது உண்டு. அதற்கும் முன்பு, பிரிட்டிஷ் காலத்து ரூபாய்களின் பழைய அச்சுகளை வைத்துப் பம்பாய் நாணயச்சாலை சேகரிப்பாளர்களுக்காக மறு அச்சு போட்டுக் கொடுத்தது. 1970இல் அது நின்றது. பழைய ஆண்டு, புதிய பளபளப்பு, அதிலும் பின்னணியில் மெருகுக் கோடுகள் தாறுமாறாக ஓடுகின்றன என்றால் மறு அச்சாக இருக்குமோ என்று யோசியுங்கள்.

தீபாவளிக்கு விளக்கு துலக்கும்போது இதையும் துலக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கைகூப்பிக் கேட்கிறேன். திருநீறு, பற்பசை, புளி, கடையில் விற்கும் மெருகுத் தைலம் எதுவுமே கூடாது. குத்துவிளக்குக்கு அவை நல்லவை. புரூஃப்பின் கண்ணாடிப் பரப்பு, தலைமுடியை விட மெல்லிய கீறலையும் காட்டிக்கொடுக்கும் பரப்பு. திருநீற்றுத் துகள் ஒரு முறை ஓடினால் போதும், ஆயிரம் கோடுகள். அவற்றை இந்த உலகத்தில் யாராலும் எடுக்க முடியாது. முக்கியெடுத்தால் கறுப்புப் போகும் என்று விற்கும் திரவமும் மேற்பரப்பைக் கரைத்துத்தான் கறுப்பை எடுக்கிறது. ஃப்ராஸ்ட்டின் வெண்மை செத்துவிடும்.

அழகான காசைப் பாசத்தோடு கெடுத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஒரு மூதாட்டி தன் கணவரின் நினைவாக வருடாவருடம் ஒரு வெள்ளிப் புரூஃப்பைத் துடைத்து வைத்திருந்தார். லென்ஸில் பார்த்தால் முகமே இல்லை. அவரிடம் அதை நான் சொல்லவில்லை. அவருக்கு அது காசு அல்ல.

கறுப்பு சீராக, நீலமும் தங்கமும் கலந்து படிந்திருந்தால் அதை அப்படியே விடுங்கள். பிசுபிசுப்பாகப் பச்சை ஒட்டியிருந்தால் அது வேறு கதை, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நம் ஊர்க் காற்றில் எப்படிப் பாதுகாப்பது?

வெள்ளியின் எதிரி கந்தகம். ரப்பர் பேண்ட்டில் அது இருக்கிறது. ரப்பரை வலுப்படுத்தவே கந்தகம் சேர்க்கிறார்கள். காசை உறையில் போட்டு ரப்பர் பேண்ட்டால் கட்டி வைப்பது நம் தோட்டப்புறத்து வழக்கம். பல ஆண்டு கழித்துப் பிரித்தால், பேண்ட் ஓடிய இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். உறைக்கு வெளியே கட்டினாலும் விழும். ரப்பர் பாய், ரப்பர் அடித்தளம் போட்ட அலமாரி, ரப்பர் ஷீட்டுக்குப் புகையூட்டிய கூடத்தின் பக்கத்து அறை எல்லாமே கெடுதல்தான். சாமி அறையும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் கற்பூரக் கரியும் கேப்சூலின் இடுக்கில் போய்ப் படியும்.

அடுத்த எதிரி மெத்தென்ற பிளாஸ்டிக் உறை. வளைந்து கொடுக்கும், ஒரு மாதிரி நெடி அடிக்கும் உறைகள் பி.வி.சி.யால் ஆனவை, நம் வெப்பத்தில் அவை கசிந்து பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். அது மட்டும் கழுவ வேண்டிய அழுக்கு, விட்டால் உலோகத்தை அரிக்கும். தூய அசெட்டோனில் காசை ஊறவிட்டு எடுங்கள். தேய்க்கக் கூடாது, துடைக்கக் கூடாது, தானாக உலரட்டும். நகப்பூச்சு நீக்கி அசெட்டோன் ஆகாது. அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அடுப்புப் பக்கத்தில் செய்யாதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், சட்டென்று தீப்பிடிக்கும்.

கெட்டியான கேப்சூல், காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். மழைக்காலத்தில் நம் ஊரில் அது சீக்கிரம் நிறைந்துவிடும்.

நார்டிக் கோல்டில் தங்கம் இருக்கிறதா?

இல்லை. அது நாணயங்களுக்குப் பயன்படும் பொன்னிற உலோகக் கலவை: செம்பு 89, அலுமினியம் 5, துத்தநாகம் 5, தகரம் 1 விழுக்காடு.

கொக்கி வைத்துக் கழுத்தில் போட்டிருந்த பழைய ராணிக் காசு?

குடும்பச் சொத்தாக வையுங்கள். பற்றவைத்த தழும்பு விளிம்பில் இருக்கும்வரை நுணுக்க ஒப்பீட்டுக்கு அது உதவாது.

இணையத்தில் படம் பார்த்து ஒப்பிடலாமா?

ஆண்டு, அடையாளம், பெரிய கீறல் தெரியும்; பளபளப்பு தெரியாது. ஸ்கேனரில் வைத்தால் எந்த நல்ல புரூஃப்பும் கறுத்த பின்னணியோடு கேமியோ போலவே வரும். ஒரே காசை விளக்கை நகர்த்தி இரண்டு படம் எடுத்தால் இரண்டு ஆண்டுக் காசுபோல் தோன்றும். விற்பவரிடம், விளக்குக்குக் கீழே காசைச் சாய்த்துத் திருப்பும் காணொளி கேளுங்கள். உண்மையான பொருள் உள்ளவர் தயங்க மாட்டார்.

தரமிடும் நிறுவனங்கள் தரும் எண்ணை நம்பலாமா?

பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்றவை 70 வரை எண் தருகின்றன. புரூஃப்புக்கு எண்ணின் முன் பி.ஆர். அல்லது பி.எஃப். என்று போடுவார்கள். எண் சொல்வது பெரும்பாலும் காசு எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்பதை. கேமியோவைத் தனிச் சொல்லாகப் பக்கத்தில் எழுதுவார்கள். இன்றைய புரூஃப்பில் 69, 70 வாங்குவது சாதாரணம். 1950களின் புரூஃப்பில் 67ஓடு ஆழமான கேமியோ என்று எழுதியிருந்தால், எண் குறைவாக இருந்தாலும் அதைத் தேடி எடுப்பது கடினம். எண்ணைக் கூட்டிக் கழித்து ஆண்டுகளை ஒப்பிடாதீர்கள்.

தொடங்குகிறவர் எந்த ஆண்டை வாங்கலாம்?

பணம் குறைவாக இருந்தால், பிரிட்டன் 1971இலிருந்து ஆண்டுதோறும் வெளியிட்ட தசமப் புரூஃப் செட்களில் எழுபதுகளின் செட் ஒன்றும் அண்மைய செட் ஒன்றும் வாங்கி அருகருகே வையுங்கள். இரண்டும் ஒரே நாட்டுக் காசு, ஒரே ராணியின் முகம் உள்ள ஆண்டுகளாகத் தேர்ந்தெடுக்கலாம். ஃப்ராஸ்ட் வளர்ந்த கதை முழுவதும் அந்த இரண்டு பெட்டிக்குள் இருக்கிறது. மலேசியக் காசுதான் வேண்டும் என்றால் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்குச் சொந்தமான நாணயச்சாலை ஷா ஆலாமில் 1971இல் தொடங்கியது, அதற்கு முன்னும் பின்னும் வந்தவற்றை ஒப்பிடுவதே ஒரு நல்ல தலைப்பு.

வாங்காமல் பார்க்க வழி உண்டா?

கோலாலம்பூரில் சாசானா கிஜாங் கட்டடத்தில் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் நாணயங்களுக்கென்றே ஒரு கூடம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு அசையாது, காசும் அசையாது. ஆகவே நீங்கள்தான் அசைய வேண்டும்: ஒரு காசின் முன் நின்று, முழங்காலை மடக்கி, தலையை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டு போங்கள். பின்னணி கறுத்து உருவம் வெளுக்கும் கோணம் வந்ததும் நின்று பாருங்கள்.